பொட்டு வைத்த பெட்டி

பிள்ளைகளே, நமது அலுமாரிக்கு மேலே இருந்த ரைஸ் குக்கர் பெட்டியை நீங்கள் இரண்டு பேரும் மறந்திருக்க மாட்டீர்கள். சிவப்பும் தங்க நிறமும் கலந்த பெட்டி. முன்பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வெந்த சோற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். வெறும் சோற்றைப் பார்த்து அப்படிச் சிரிக்கிற மனுஷியை நம் ரப்பர் தோட்டத்தில் நான் கண்டதில்லை. அந்தப் பெட்டிக்குக் கடைசியில் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். ஏன் அப்படி ஆனது என்பது முழுசாகத் தெரியாது.

வியாபாரப் போட்டியால் பொருள் நன்றாகிறதா, கெடுகிறதா என்று பாடசாலையில் கட்டுரை எழுதச் சொன்னார்கள் என நீங்கள் வந்து கேட்டபோது, "ரெண்டுந்தான்" என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். அது பதில் இல்லை, தப்பித்துக்கொள்வது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு உலக வியாபாரம் தெரியாது. ஆனால் ஒரு ரைஸ் குக்கருக்காக நான் பட்டது தெரியும். அதை எழுதுகிறேன். 

உங்கள் அம்மா ரப்பர் பால் வெட்டப் போகிறவள். விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டு மரத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் நம் எல்லோருக்கும் சோறு ஆக வேண்டும். அடுப்பில் எரிவது ரப்பர் விறகு. கேகாலைப் பக்கத்து மழையில் அந்த விறகு காய்ந்த நாளே கிடையாது. அது எரிவதில்லை, புகைகிறது. லயத்து வரிசை வீடுகளில் நம் காம்பராவுக்குப் பின்னால் தகரம் போட்டு இறக்கிய அந்தக் குசினியில் நுழைந்த புகைக்கு வெளியே போக வழியில்லை. அதனால் அது அம்மாவின் நெஞ்சுக்குள் போனது.

நான் வேலை செய்வது ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கூடத்தில். ஷீட்டைப் புகையில் தொங்கவிட்டால் தேன் நிறத்துக்கு வரும். நல்ல விலை போகும். மனுஷி நெஞ்சை அப்படித் தொங்கவிட்டால் என்ன வரும் என்று எனக்குச் சொல்லித்தர ஆள் தேவையில்லை. ஆனாலும் வருஷக்கணக்கில் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே திரும்பிப் படுத்தவன்தான் நான்.

கேகாலை ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அம்மா இருந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். உங்கள் அம்மாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நான் மருந்து தாறேன். வீட்டுல அடுப்பு பொகை தருது. ரெண்டு பேருல யாரு ஜெயிப்பா சொல்லுங்க."

"அடுப்புதாங்க" என்றாள் அம்மா.

"அப்ப எனக்கிட்ட வந்து வேலை இல்ல. சோத்தயாவது கரண்டுல ஆக்குங்க. இன்னும் கொஞ்ச காலம் இப்பிடியே போனா மரத்தடிக்கு ஏறிப் போக மூச்சு இருக்காது."

அந்த வார்த்தைதான். மரத்தடிக்கு ஏற மூச்சு இல்லையென்றால் பால் வெட்டு இல்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் எனக்கு வந்தது. அதை எழுத எனக்கு மனமில்லை.

கேகாலை டவுனில் சாமான் கடைகள் இரண்டு நேருக்கு நேர் இருக்கின்றன. பெயர் வேண்டாம். ஒன்றின் வாசலில் ஒரு பையன் மைக் பிடித்துக் கத்துவான். எதிர்க்கடையில் அதைவிடப் பெரிய ஸ்பீக்கர். இந்தக் கடையில் குக்கர் எடுத்தால் கரண்டி இனாம். உடனே அந்தக் கடையில் கரண்டியோடு பூப்போட்ட கோப்பையும் இனாம். நடுவில் பஸ்ஸுக்கு நிற்கிற சனங்களின் காது செத்துப்போகும். எங்களுக்கு அன்றைக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு பேர் நம்மைக் கூப்பிட்டுச் சண்டை போடுகிறார்கள் என்றால் நமக்கு ஒரு மதிப்பு வந்தது போல ஒரு நினைப்பு.

மைக் பையன் இருந்த கடைக்குள் போனோம். அங்கே எட்டு பட்டன் வைத்த ஒரு குக்கர். ஒன்று சோற்றுக்கு, ஒன்று கஞ்சிக்கு, ஒன்று கேக்குக்கு, மற்றவை எதற்கென்று கடைக்காரருக்கே தெரியவில்லை. அமத்தினால் நீல வெளிச்சத்தில் எழுத்து ஓடும். உள்சட்டி கறுப்பாக, கண்ணாடி போல மின்னியது. கடைக்காரர் வயரைச் சொருகினார். லைட் எரிந்தது. அவ்வளவுதான் சோதனை. பெட்டிக்குள் போட்டு டேப் ஒட்டித் தந்துவிட்டார்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு மத்தியானம், தம்பி, நீ தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாய்.

"அப்பா, இன்னக்கி எள்ளுச் சோறா?"

எள் இல்லை. சட்டியின் கறுப்புப் பூச்சு உரிந்து சோற்றோடு சோறாக வெந்திருந்தது. அதற்கு முன்னால் எத்தனை வேளை அதைச் சீரகம் என்றும் கரி என்றும் நினைத்துத் தின்றோமோ. நான் விரலை விட்டுத் தொண்டைவரை போனேன். வரவில்லை. அன்றைக்கு நான் தின்றது வயிற்றை விட்டுப் போய்விட்டது, மனசை விட்டுப் போகவில்லை. அம்மா சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேய்த்ததில் மிச்சப் பூச்சும் போனது. அதற்கடுத்த வாரம் நீல எழுத்து மட்டும் ஓடியது, சூடு வரவில்லை. பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம் காம்பரா முழுக்க நின்றது.

கடைக்குக் கொண்டுபோனேன்.

"தோட்டத்து கரண்ட் சரியில்ல அண்ணே. லய வீட்டுக்கு வோல்டேஜ் கூடும், கொறையும். மெசின் என்ன செய்யும்?" என்றார் கடைக்காரர்.

"அதே கரண்டுலதான் எங்க பழைய அயன் ஓடுது. பேன் ஓடுது."

"அதெல்லாம் பழைய சாமான் அண்ணே. அதுக்கு ஒண்ணும் வெளங்காது. இது கம்பியூட்டர் மாதிரி."

புத்தி கூடியதால் செத்துப்போனது என்கிறார். சோறு வேக வைக்க எதற்குப் புத்தி என்று கேட்க வாய்வரை வந்தது.  சட்டி உரிந்ததற்கு வாரண்டி கிடையாதாம், மெசினுக்கு மட்டும்தானாம். மெசின் செத்தது கரண்டால், அதனால் அதற்கும் கிடையாதாம். நான் அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மடியில் பிணத்தை வைத்துக்கொண்டு வந்தது போலத்தான் இருந்தது.

அன்றைக்கு இரவே அம்மா அடுப்பை மறுபடி மூட்டினாள். இருமல் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

"அலுமாரிக்கு மேல ஒண்ணு இருக்குல்ல" என்று நான் சொன்னேன்.

மகளே, அது உன் சடங்குக்கு வந்த சீர். அம்மாவுக்கு அதைப் பிரிக்க மனசில்லை. ஏன் என்று உங்களுக்கு விளங்க வேண்டும். நம் ஆட்களில் சீர்ச் சாமானைத் தட்டில் வைத்து, சந்தனம் குங்குமம் பொட்டு வைத்து, மேளத்தோடு லயத்தைச் சுற்றிக் கொண்டுவருவார்கள். வாசலில் நிற்கிற சனம் சாமானைப் பார்ப்பதில்லை. பெட்டியைப் பார்க்கும். பெரிய பெட்டி வந்தால் பெரிய மாமன். வந்த பெட்டியை அப்படியே அலுமாரிக்கு மேல் ஏற்றி வைப்போம். நாளைக்கு அந்த வீட்டில் ஒரு விசேஷம் என்றால் நாமும் திருப்பிச் செய்ய வேண்டும் அல்லவா. பிரித்துவிட்டால் அது சீருக்கு ஆகாது. அதனால் யாரும் பிரிப்பதில்லை. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. எல்லோரும் செய்கிறோம், எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா மகளுக்கு வர்ற தை மாசம் தண்ணி ஊத்திச் சடங்கு செய்றாங்க. அதுக்கு வேணுமேங்க" என்றாள் அம்மா.

"ஒனக்கு மூச்சு வேணுமா, சீர் வேணுமா?"

"ரெண்டும் வேணும்" என்றாள். ஆனால் ஸ்டூலைப் போட்டு ஏறி இறக்கியது அவள்தான்.

பெட்டியை விளக்குக்கு நேரே வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. முன்பக்கத்தில் உன் சடங்குக்கு வைத்த பொட்டு சிவப்பாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, காய்ந்து பழுப்பாக. அதற்கடியில் ஒன்று, சந்தனம் உதிர்ந்து எண்ணெய்க்கறை மட்டும். திருப்பினால் பக்கவாட்டிலும். வெள்ளைக்காரியின் நெற்றியில் ஒரு புண்ணியவான் பொட்டு வைத்திருந்தான். எண்ண எனக்கு மனம் வரவில்லை.

அம்மா மூலையைத் தடவினாள். எலி கடித்த இடத்தில் கொப்பிக்கு உறை போடுகிற பிரவுன் கடதாசி ஒட்டியிருந்தது.

"இது நான் ஒட்டுனது."

"என்ன?"

"எங்க பெரிய தம்பி கல்யாணத்துக்குக் குடுக்கறப்ப எலி கடிச்சிருந்துச்சுன்னு நாந்தாங்க ஒட்டுனேன். பாப்பா கொப்பி கடதாசி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நீண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று முடித்தாள்.

நாம் கொடுத்தது ஊரெல்லாம் மேளத்தோடு சுற்றி, எத்தனையோ பெண் பிள்ளைகளையும் மாப்பிள்ளைகளையும் வாழ்த்திவிட்டு, நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒருத்தர் வீட்டிலும் ஒரு பிடி அரிசி அதில் வேகவில்லை.

பிரித்தோம். முதலில் வந்தது கரப்பான். அடுக்கி வைத்தது போல முட்டை, உறை, செத்தது, உயிரோடு ஓடுவது. அம்மா விளக்குமாற்றோடு நின்றாள். உள்ளே இருந்த மெசின் பெட்டியில் பாதி அளவுகூட இல்லை. மிச்சம் முழுவதும் சாமான் அடிபடாமல் வைக்கிற வெள்ளை ரெஜிபோர்ம். தூக்கினால் காற்றைத் தூக்குவது போல இருந்தது. சட்டியை விரலால் அமத்தினேன், பப்படம் போல உள்ளே போனது. கழுவித் துடைத்து, அரிசி போட்டு, வயரைச் சொருகினேன். சிவப்பு லைட் அழகாக எரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்துத் திறந்தால் அரிசி அரிசியாகவே கிடந்தது. தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்துக்கு இருந்தது. அந்த மெசினில் ஒழுங்காகச் செய்யப்பட்ட ஒரே சாமான் அந்த லைட்தான்.

அதற்கும் வாரண்டி இருந்தது. ஊர் சுற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே அது முடிந்துபோயிருந்தது.

அன்றைக்கு நான் யோசித்தது இதுதான். கம்பெனிக்காரனைத் திட்டுவது லேசு. ஆனால் அவன் புத்திசாலி. கடையில் வாங்குகிறவன் தின்னப்போவதில்லை, தூக்கிக்கொண்டு நடக்கப்போகிறான். தின்னப்போகிறவள் கடைக்கு வருவதில்லை. அப்படியிருக்க எவன் சட்டிக்கு அலுமினியம் செலவழிப்பான்? பெட்டிக்குத்தான் செலவழிப்பான். ஒருவன் தங்கக் கலர் அடித்தால் மற்றவன் வெள்ளைக்காரியைப் போடுவான். உடனே முதல் ஆள் இவளைவிட நன்றாகச் சிரிக்கிறவளைத் தேடுவான். போட்டியில் பெட்டி வருஷத்துக்கு வருஷம் நல்லதாகிக்கொண்டே வந்திருக்கிறது. அதை நான் மறுக்க மாட்டேன்.

நம் ஷீட்டுக்கும் போட்டிதான். வாங்க வருகிறவன் ஒரு ஷீட்டை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பான். குமிழி இருந்தால், தூசி இருந்தால் தெரிந்துவிடும், தரம் இறங்கிவிடும். அந்தப் பயத்தில்தான் நாங்கள் ஒழுங்காகப் புகை போடுகிறோம். போன் சிக்னலையும் நினைத்துப் பாருங்கள். முன்பு கோயில் பாறைமேல் ஏறினால்தான் பேசலாம். இரண்டு கம்பெனி போட்டி போட்டுக் கம்பம் நட்ட பிறகு காம்பராவுக்குள்ளேயே பேசுகிறோம். ஏன்? சிக்னல் இல்லையென்றால் அந்த நிமிஷமே நமக்குத் தெரியும், அன்றைக்கே சிம்மை மாற்றிவிடுவோம். குக்கர் அப்படியில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் குணம் தெரியும். அதற்குள் கடைக்காரன் நம் முகத்தை மறந்திருப்பான்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் நான் சொன்னதில் பாதியைத்தான் கேட்டாள். அந்தப் பாதி போதுமாக இருந்தது.

அடுத்த லீவு நாளில் பஸ் ஏறும்போது அவள் கையில் ஒரு பை கனத்தது. என்ன என்று கேட்டதற்கு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். கேகாலையில் இறங்கி நேரே அதே கடைக்குப் போனாள். கடைக்காரர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க அக்கே. புது மாடல் வந்திருக்கு."

வயரைச் சொருகி லைட்டைக் காட்டினார்.

"பாருங்க, பத்துது."

"லைட்டு பத்துறது கண்ணுக்குத் தெரியுதுங்க. சோறு வேகுமா?"

"வேகாம என்ன அக்கே."

"அப்ப வேக வைப்போம்" என்று பைக்குள் இருந்து அரிசியை எடுத்தாள். களைந்து, துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். ஒரு போத்தலில் தண்ணீர் வேறு. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று நான் டீவிகள் பக்கம் நகர்ந்தேன்.

"அக்கே, இது கடை, ஹோட்டல் இல்ல."

"சட்டை எடுத்தா போட்டுப் பாக்குறோம். செருப்பு எடுத்தா நடந்து பாக்குறோம். சோத்துச் சட்டிய மட்டும் பாத்துட்டுப் போகணுமா?"

கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஒரு சிங்கள அம்மா, "அவ சொல்றது சரிதானே" என்று அவர்கள் பாஷையில் சொல்லி, அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். கடைக்காரருக்கு வேறு வழியில்லை. "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லிவிட்டார். இதற்குள் எதிர்க்கடை ஸ்பீக்கருக்கு விஷயம் போய்விட்டது. எதிரில் இன்றைக்குப் பகல் சாப்பாடு போடுகிறார்களாம், கறி மட்டும் நீங்கள் கொண்டுபோங்கள் என்று சிங்களத்தில் ஒரு குரல் ரோடு முழுக்கக் கேட்டது. பஸ்ஸுக்கு நின்ற சனம் சிரித்தது.

புது மாடல் கொஞ்ச நேரம் முனகியது. அப்புறம் தண்ணீர் மேலே மிதக்கும்போதே, முடிந்துவிட்டது என்று பச்சை லைட்டைக் காட்டியது. அம்மா மூடியைத் திறந்து கடைக்காரரைப் பார்த்தாள்.  அவர் வேறொன்றை இறக்கினார். அதைச் சொருகியதும் பட்டென்று ஒரு சத்தம். கடையின் லைட், பேன், ஓடிக்கொண்டிருந்த அத்தனை டீவியும் நின்றன. மைக் பையனின் வாய் மட்டும் சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் அசைந்தது.

கரண்ட் வந்ததும் கடைக்குப் பின்னால் திரைக்குள் இருந்து நல்ல சோற்று வாசம் வந்தது. அம்மா மூக்கை உயர்த்தினாள். கேட்காமலே திரையை விலக்கினாள். அங்கே கடைப் பையன்களின் பகல் சோறு வெந்துகொண்டிருந்தது. ஒரு பழைய ரைஸ் குக்கர். பக்கமெல்லாம் நசுங்கி, மூடியின் பிடி போய், அந்த இடத்தில் ஒரு நூல்கட்டை முடுக்கியிருந்தது. பட்டன் ஒன்றே ஒன்று. சட்டி கனமான அலுமினியம், உள்ளே பூச்சு கீச்சு எதுவும் இல்லை.

"இது எத்தன வருஷமா இருக்கு?"

"நான் வேலைக்கு வர முந்தியே இருக்கு அக்கா" என்றான் ஒரு பையன்.

"எங்களுக்கு இத குடுங்க."

கடைக்காரர் பதறிப்போனார். "அனே, ஏக்க அபே" என்றார். ஐயோ, அது எங்களுடையது என்று அர்த்தம். "அது எங்க சோறு ஆக்குறது. அத விக்க ஏலாது."

"ஒங்களுக்கு இது, எங்களுக்கு அதா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார். "அண்ணே, நான் வேணும்னு செய்றனா? இந்த மாதிரி கனமான சாமான் முந்தி நானும் போட்டேன். முன்னுக்கு உள்ளவன் மெல்லிசா ஒண்ணு கொண்டாந்து வெலையக் கொறச்சு வச்சான். சனம் ரோட்டத் தாண்டிப் போயிட்டு. நானும் மெல்லிசு போட்டேன். அவன் அதைவிட மெல்லிசு. இப்ப கனமானத செய்ற கம்பெனியே இல்ல. நீங்களும் அன்னக்கி எட்டு பட்டன பாத்துத்தானே எடுத்தீங்க?"

 எட்டு பட்டனைப் பார்த்துத்தான் எடுத்தேன். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு கடைக்காரர்களும் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கியிருக்கிறார்கள், சனங்கள் நாமும் கைதட்டிக்கொண்டு பின்னால் போயிருக்கிறோம். அவர் மேல் வந்த அருவருப்பு கொஞ்சம் என் மேலும் ஒட்டியது.

வெறுங்கையோடு படி இறங்கினோம். அம்மா அரைவேக்காட்டு அரிசியைத் துணியில் முடிந்துகொண்டாள், அதையும் விடவில்லை. ரோட்டின் அந்தப் பக்கம் எதிர்க்கடை முதலாளி வாசலிலேயே நின்றார். எல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்ன நோனா, அவன் தரல்லயா?"

"பழசத் தரமாட்டாராம்."

"எங்கிட்டயும் இருக்கு பழசு. அதைவிடப் பழசு. நான் தாறேன்." நாங்கள் இறங்கி வந்த கடைக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். உள்ளே திரும்பி, குசினியில் இருப்பதைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னார்.

பையன்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். "முதலாளி, அப்ப எங்களுக்குச் சோறு?"

"மேல ராக்கையில இருந்து ஒரு புதுசு எடுத்துக்கங்க."

அந்தப் பையன்கள் அண்ணாந்து ராக்கையைப் பார்த்தார்கள். வரிசையாகத் தங்கப் பெட்டிகள். காலையில் இருந்து சனத்துக்கு அவர்களே புகழ்ந்து விற்ற சாமான். ஒருவன் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னான்: "அனே முதலாளி, ஏவா எப்பா." அதெல்லாம் வேண்டாம் என்று.

அம்மாவோடு வந்து நின்ற அந்தச் சிங்கள அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன்கள் மேல் கோபமும் இல்லை. அவர்களும் கூலிக்கு நிற்கிறவர்கள்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் டவுன் முழுக்க அடுக்கியிருந்த பெட்டியெல்லாம் எனக்கு அழுகிய பழம் போல நாறியது. விற்கிறவன் வாயில் வைக்க மாட்டான், வாங்குகிறவன் பிரிக்க மாட்டான். பிறகு யாருக்காக இதைச் செய்து, கப்பலில் ஏற்றி, மைக் பிடித்துக் கத்துகிறார்கள்?

வேகிறதா என்று அங்கேயே ஆக்கிப் பார்த்துத்தான் அம்மா அதை எடுத்தாள். வெந்தது. புதுசின் விலையைத்தான் வாங்கினார் அந்த முதலாளி, அதையும் சொல்ல வேண்டும். எதிரியைக் கடுப்பேற்றுவதற்காக அவர் செய்த காரியம்தான் உங்கள் அம்மாவுக்குச் சோறு ஆக்கிக்கொடுக்கிறது. போட்டியால் நமக்கு நல்லது நடந்ததா என்று கேட்டால், அன்றைக்கு ஒரு தரம் நடந்தது.

பெட்டி இல்லாததால் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். பக்கத்தில் இருந்தவர், "ரிப்பேருக்குக் கொண்டு போனீங்களா?" என்று கேட்டார். அம்மா, "இல்லங்க, புதுசு" என்றாள்.

மறுநாள் அவள் வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிட்டாள். அரிசியைப் போட்டுப் பட்டனை அமத்திவிட்டு, குளிர்ந்து கிடந்த அடுப்புக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்திருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன்.

"போய்ப் படேன்."

"ஒண்ணும் செய்யாம படுத்துக் கெடந்தா யாரும் பாத்தா என்னா நெனப்பாங்க" என்றாள். நாலைந்து நாள் அப்படியே உட்கார்ந்தாள். அப்புறம் ஒரு நாள் படுத்தாள். கறிக்கு இன்னும் அடுப்புதான். ஆனால் சோற்றுக்கான அந்தப் பெரிய புகை நின்றுவிட்டது.

தை மாதம் உங்கள் பெரியம்மா மகளின் சடங்குக்கு நாங்கள் துணிமணியும் பழத்தட்டும் மட்டும் கொண்டுபோனோம். மேளக்காரன்கூடத் தட்டை எட்டிப் பார்த்தான். அதற்கு இரண்டு நாள் கழித்துப் பெரியம்மா நம் காம்பராவுக்கு வந்தார். வரக்காப்பொலப் பக்கம் புது வீடு குடிபுகுகிறவர்களுக்குச் சீர் கொண்டுபோக வேண்டுமாம், அலுமாரிக்கு மேல் இருந்தது என்ன ஆனது என்று கேட்டார். அப்போது நான் வெளியே சாக்கடைக் கானோரத்தில் அந்தப் பெட்டியைத்தான் எரித்துக்கொண்டிருந்தேன். தங்கக் கலர் உருகிப் பச்சைப் புகையாக வந்தது. சகிக்க முடியாத நாற்றம். அம்மாவைக் கிட்டே வராதே என்று சொல்லியிருந்தேன். வெள்ளைக்காரி கடைசிவரை சிரித்துக்கொண்டே எரிந்தாள்.

"என்னாடி இது" என்று பெரியம்மா தலையில் கை வைத்தார்.

"அது வேகாதுக்கா. உள்ளுக்கு ஒண்ணுமே இல்ல."

"குக்கர் வேகாட்டி போகுது. நல்ல பொட்டிய ஏன்டி எரிச்சீங்க? உள்ளுக்குக் கல்ல வச்சுக்கூடக் குடுத்திருக்கலாமே."

வாசல்படியில் நின்ற உங்கள் அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தாள். சிரிப்புக்குப் பின்னால் வழக்கம்போல இருமலும் வந்தது. நான் கம்பைப் போட்டுவிட்டு எழுந்தேன். ஆனால் இரண்டு இருமலோடு அது நின்றுவிட்டது. சுவரைப் பிடிக்காமலே நின்று, அவள் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தாள்.